சுவருக்குள்ளே ஒரு தீர்ப்பு

சென்ற மாதம் இப்பகுதியில் பிணையைப் பற்றி எழுதியிருந்தோம். அதைப் பிறர் படிக்கக் கேட்ட ஒரு தாய், ஞாயிறு பூசை முடிந்ததும் கோயில் வாசலில் நம்மைத் தேடி வந்து நின்றார். மீன் விற்றுப் பிழைக்கும் கைம்பெண். அவருடைய மூத்த மகன் ஓர் அடிதடி வழக்கில் ஏழாண்டுத் தண்டனை பெற்று மத்திய சிறை ஒன்றில் இருக்கிறான். மாதத்தில் இருமுறை விடியற்காலைப் பேருந்து பிடித்துப் போய், மனுப் போட்டு, கம்பிவலைக்கு அப்பால் அவன் முகத்தைப் பார்த்துத் திரும்புவது அவர் வழக்கம். இம்முறை வாயிலிலேயே நிறுத்திவிட்டார்கள். "உன் மகனுக்கு மனு கிடையாது, ஒரு மாதம் கழித்து வா" என்பதே அவருக்குக் கிடைத்த விடை. அவனுடைய படுக்கைக்கடியில் ஏதோ ஒரு பொருளைக் கண்டெடுத்தார்களாம். விசாரணை நடந்ததாம். தண்டனையும் கொடுத்தாகிவிட்டதாம். ஒழுங்காக இருந்தும் உழைத்தும் அவன் சேர்த்து வைத்திருந்த தண்டனைக் குறைப்பு நாட்களிலும் ஒரு பகுதி போய்விட்டதாம்.

"நீதிபதி ஒருமுறை தீர்ப்புச் சொன்னார். அன்றைக்கு வக்கீல் இருந்தார். நானும் ஓரமாக நின்று பார்த்தேன். இப்போது மறுபடியும் தீர்ப்புச் சொன்னது யார், ஐயா? அப்போது என் பிள்ளை பக்கத்தில் யார் நின்றார்கள்?" என்று கேட்டார்.

மகன் குற்றமற்றவன் என்று அத்தாய் வாதிடவில்லை. பக்கத்தில் யார் நின்றார்கள் என்று மட்டுமே கேட்டார். பல்லாண்டுகளாக நீதிமன்றப் படிகளில் ஏறி இறங்குகிற நமக்கு, அக்கேள்விக்கு உடனே விடை சொல்ல நா எழவில்லை. வீட்டிற்கு வந்து சட்டப் புத்தகத்தைத் தூசி தட்டி எடுத்த பிறகே எழுதத் துணிந்தோம்.

நம் நாட்டுச் சிறைகளுக்கு நெடுங்காலமாக அடிப்படையாக இருந்து வருவது, வெள்ளையர் ஆட்சியில் 1894-ஆம் ஆண்டு இயற்றப்பட்ட சிறைச் சட்டம். தமிழ்நாட்டின் 1983-ஆம் ஆண்டுச் சிறை விதிகளும் அச்சட்டத்தின் கீழ்ப் பிறந்தவையே. 2023-இல் மத்திய அரசு ஒரு மாதிரிச் சட்டத்தை வகுத்து மாநிலங்களுக்கு அனுப்பியது. ஆயினும் ஒரு மாநிலம் தானே புதுச்சட்டம் இயற்றாத வரையில் அங்கே பழைய சட்டமே பேசும்.

அச்சட்டத்தின் 45-ஆம் பிரிவு 'சிறைக் குற்றங்கள்' என 16 வகைகளைச் சொல்கிறது. தாக்குதல், தப்பியோடச் சதி செய்தல், தடை செய்யப்பட்ட பொருளை வைத்திருத்தல் ஆகியவை அப்பட்டியலில் இருப்பதில் வியப்பில்லை. ஆனால் வேண்டுமென்றே வேலையில் சோம்பியிருத்தலும், நோயுற்றதாகப் பாசாங்கு செய்தலும், அவமதிப்பாகப் பேசுதலும் அவற்றோடு நிற்கின்றன. ஒருவன் வயிற்றுவலியால் சுருண்டு கிடக்கிறானா, வேலைக்கு அஞ்சி நடிக்கிறானா என்பதை யார் முடிவு செய்வது? இன்னுமொரு குற்றம் நம்மைச் சிறிது நேரம் சிந்திக்க வைத்தது. சிறை அதிகாரியின்மீதோ வேறொரு கைதியின்மீதோ வேண்டுமென்றே பொய்க் குற்றம் சாட்டுவதும் சிறைக் குற்றமாம். பொய் சொல்வது தவறுதான், மறுக்கவில்லை. ஆயினும் அடிபட்டவன் 'அடித்தார்கள்' என்று சொல்ல, சாட்சி இல்லாமற்போனால், அச்சொல்லே அவனுக்கு இரண்டாம் குற்றமாக மாறக் கூடும் அன்றோ?

இக்குற்றங்களை விசாரித்து முடிவு செய்பவர் சிறைக் கண்காணிப்பாளர். 46-ஆம் பிரிவு அந்த அதிகாரத்தை அவருக்குத் தருகிறது. எழுத்தில் பதிவாகும் எச்சரிக்கை, வேலை மாற்றம், சலுகைகளின் இழப்பு, துணியாடைக்குப் பதிலாகச் சாக்குத் துணி, கைவிலங்கு, கால்விலங்கு, மூன்று மாதம் வரையிலான தனிப்பிரிவு அடைப்பு, 96 மணி நேரம் வரையில் தண்டனை உணவு, 14 நாள் வரையில் கொட்டடி அடைப்பு என்று அப்பிரிவு நீண்டு, 30 பிரம்படியில் போய் முடிகிறது. நீதிமன்றங்கள் விதித்து வந்த சாட்டையடியை நம் நாடாளுமன்றம் 1955-இலேயே ஒழித்தது. 1894-இன் மூல வாசகத்தில் மட்டும் பிரம்பு இன்னும் கிடக்கிறது.

குறை கூறுவதற்கு முன் அச்சட்டத்தின் நல்ல பகுதியையும் சொல்லிவிட வேண்டும். 48-ஆம் பிரிவின்படி கண்காணிப்பாளருக்குக் கீழுள்ள எந்த அலுவலரும் எத்தண்டனையும் விதிக்கலாகாது. ஜெயிலரும் விதிக்கலாகாது, தலைமை வார்டரும் விதிக்கலாகாது. 'உனக்கு மனு கட்' என்று ஒரு வார்டர் தாமாகச் சொல்வாரானால், அது சட்டத்தின் சொல் அன்று. அடுத்து 51-ஆம் பிரிவு. ஒவ்வொரு தண்டனையும் தண்டனைப் பதிவேட்டில் ஏற வேண்டும். கைதியின் பெயர், எண், குற்றம், குற்றம் நடந்த நாள், தண்டனை, அது வழங்கப்பட்ட நாள் யாவும் எழுதப்பட்டு, ஜெயிலரும் கண்காணிப்பாளரும் சுருக்கொப்பமிட வேண்டும். கடுமையான குற்றமாயின் அதை மெய்ப்பித்த சாட்சிகளின் பெயர்களையும் எழுத வேண்டும்.

இத்தனையும் கேட்ட அச்சட்டம், கைதி தன் தரப்பில் என்ன சொன்னான் என்பதை எழுதும்படி எப்போது கேட்கிறது தெரியுமா? பிரம்படி விதிக்கப்படும்போது மட்டும். அப்போதுதான் சாட்சியத்தின் சாரமும், கைதியின் எதிர்வாதமும், காரணங்களோடு கூடிய முடிவும் ஏட்டில் ஏற வேண்டும். மற்றத் தண்டனைகளுக்கு அவன் வாயிலிருந்து வந்த சொல் ஏட்டில் ஏற வேண்டிய கட்டாயம் அப்பிரிவில் இல்லை. வழக்கறிஞரைப் பற்றியோ துணை நிற்பவரைப் பற்றியோ அங்கே ஒரு சொல்லும் இல்லை. குற்றம் சாட்டும் வார்டரும், பொருளைக் கண்டெடுத்த வார்டரும், தீர்ப்பளிக்கும் அதிகாரியும் ஒரே அலுவலகத்தைச் சேர்ந்தவர்கள். எதிரே நிற்பவன் மட்டும் தனியன்.

தானியேல் ஆகமத்தில் வரும் சூசன்னாவை நம் வாசகர்கள் அறிவார்கள். சாட்சி சொன்ன இருவரும் ஊர்ப் பெரியவர்கள், நடுவர்களும் அவர்களே. சபை அவர்களை நம்பியதில் வியப்பென்ன? இளைஞர் தானியேல் அவளைப் புகழ்ந்தோ, இரக்கம் கேட்டோ பேசவில்லை. இருவரையும் தனித்தனியே நிறுத்தி, எந்த மரத்தடியில் கண்டீர்கள் என்ற ஒரே கேள்வியைக் கேட்டார். ஒருவர் ஒரு மரத்தைச் சொன்னார். மற்றவர் வேறொரு மரத்தைச் சொன்னார். அவ்வளவே. அந்தக் கேள்வியைச் சூசன்னாவே ஏன் கேட்கவில்லை என்று மறைக்கல்வி வகுப்பில் ஒரு சிறுவன் நம்மைக் கேட்டதுண்டு. குற்றம் சாட்டப்பட்டு நடுங்கி நிற்பவருக்கு அத்தகைய கேள்வி தோன்றுவதில்லை என்று அன்று விடை சொன்னோம். இன்றும் அதையே சொல்வோம்.

சிறைச் சுவருக்குள் இப்படியொரு கேள்வி நுழைந்த வரலாறு நம் நாட்டில் 1978-இல் தொடங்குகிறது. தில்லித் திகார் சிறையில் மரண தண்டனைக் கைதியாயிருந்த சுனில் பத்ரா, தம்மைத் தனிமையில் அடைத்திருப்பதை எதிர்த்து உச்ச நீதிமன்றம் சென்றார். அதே சிறையில் சார்லஸ் சோப்ராஜ் என்ற வெளிநாட்டுக் கைதிக்கு ஏறக்குறைய ஈராண்டாக இரவும் பகலும் கால்விலங்கு பூட்டியிருந்தார்கள். அவருடைய மனுவும் சேர்ந்து கேட்கப்பட்டது. ஐவர் அடங்கிய ஆயம் 30-8-1978 அன்று தீர்ப்பளித்தது. சிறைக்குள் போனதனால் ஒருவனுடைய அடிப்படை உரிமைகள் வாயிலிலேயே கழற்றி வைக்கப்படுவதில்லை என்பது அதன் சாரம். விலங்கு பூட்டுவதாயின் அவனைக் கேட்க வேண்டும்; காரணத்தை அவனுக்குச் சொல்ல வேண்டும்; அக்காரணம் அவனுடைய வரலாற்றுச் சீட்டில் மாநில மொழியில் எழுதப்பட வேண்டும்; அம்மொழி அறியாதவனாயின் இயன்றவரை அவன் மொழியிலேயே சொல்ல வேண்டும் என்று நீதிபதி கிருஷ்ண ஐயர் எழுதினார். இவர் 1948-இல் தாமே சிறையிருந்தவர். 1957-இல் கேரள அமைச்சரவையில் சிறைத்துறைப் பொறுப்பையும் வகித்தவர். சிறையை இரு பக்கமும் அறிந்த கை எழுதிய தீர்ப்பு அது.

அடுத்த ஆண்டு நடந்தது இன்னும் முக்கியமானது. அதே சுனில் பத்ரா நீதிபதி ஒருவருக்கு ஒரு கடிதம் எழுதினார். இம்முறை தமக்காக அன்று, மற்றொரு கைதிக்காக. பார்க்க வரும் உறவினரிடமிருந்து பணம் பெறும்பொருட்டு ஒரு தலைமை வார்டர் அந்த ஆயுள் கைதியைக் கொடுமையாகத் தாக்கினார் என்பது கடிதத்தின் செய்தி. முத்திரைத்தாளும் இல்லை, வக்கீலும் இல்லை. உச்ச நீதிமன்றம் அக்கடிதத்தையே ஆட்கொணர்வு மனுவாக ஏற்றுக்கொண்டு, இரு வழக்கறிஞர்களைச் சிறைக்குள் சென்று கைதியைக் காணவும் ஆவணங்களைப் பார்க்கவும் அனுப்பியது. காயம் மெய்யென்று தெரிந்தது. அதை மறைக்கச் சொல்லப்பட்ட சமாதானங்கள் ஒன்றோடொன்று ஒட்டவில்லை. சூசன்னா வழக்கின் இரண்டு மரங்களைப் போலவே.

20-12-1979 அன்று வந்த அத்தீர்ப்பின் ஒரு கட்டளையை, சிறையில் உறவினர் இருக்கும் ஒவ்வொரு குடும்பமும் மனப்பாடம் செய்து கொள்வது நல்லது. தனிமையடைப்பு, தண்டனைக் கொட்டடி, தண்டனையாகக் கூட்டப்படும் கடின உழைப்பு, உணவு மாற்றம், சலுகைகளையும் வசதிகளையும் மறுத்தல், துன்புறுத்தும் விளைவுள்ள சிறை மாற்றம் ஆகிய எதையும் செஷன்ஸ் நீதிபதியின் பரிசீலனையின்றி விதிக்கலாகாது. அவசரத்தால் முன்கூட்டித் தெரிவிக்க இயலாமற்போனால், நடவடிக்கை எடுத்த 2 நாட்களுக்குள் அவருக்குத் தெரிவித்தாக வேண்டும். சிறைகளில் முறையீட்டுப் பெட்டி வைக்க வேண்டும். நீதிபதிகள் சிறைகளைப் பார்வையிட வேண்டும். மாவட்ட நீதித்துறை நியமிக்கும் வழக்கறிஞர்கள் கைதிகளைக் கண்டு பேச வசதி தர வேண்டும் என்றும் அத்தீர்ப்பு சொல்கிறது. அது இன்றும் உயிரோடிருக்கும் சட்டம். ஏட்டில் இருப்பது கொட்டடி வரை வந்து சேர்கிறதா என்பது வேறு கதை. யாரேனும் கேட்டால்தான் அது வந்து சேரும் என்பது நம் அனுபவம்.

கைதியின் பக்கத்தில் ஒருவர் நின்றால் சிறை ஒழுங்கு குலைந்துவிடும் என்று சொல்வோர் உண்டு. இதே வாதம் இங்கிலாந்திலும் நடந்தது. அங்கே கவென்ட்ரி நகரில் உதவிப் பங்குக் குருவாயிருந்த பாட்ரிக் ஃபெல் என்பவர், அயர்லாந்துப் போராட்டத்தை ஒட்டிய ஒரு சதி வழக்கில் 1973-இல் 12 ஆண்டுத் தண்டனை பெற்றார். அவ்வழக்கின் நியாய அநியாயம் நமக்கு இங்கே வேண்டாம். 1976 செப்டம்பர் 16 அன்று வைட் தீவிலுள்ள ஆல்பனி சிறையில், மற்றொரு கைதி நடத்தப்பட்ட விதத்தைக் கண்டித்து ஆறு கைதிகள் நடைவழியில் உட்கார்ந்தார்கள். அவர்களுள் இக்குருவும் கேம்பெல் என்பவரும் இருந்தனர். வார்டர்கள் அவர்களை அகற்றினார்கள்; இரு தரப்பிலும் காயம் ஏற்பட்டது. 'பார்வையாளர் குழு' என்று அங்கே இருந்த ஓர் அமைப்பு மூடிய கதவுக்குள் விசாரித்தது. வழக்கறிஞர் இல்லாமல் வர மாட்டேன் என்று கேம்பெல் அறையிலேயே இருந்துவிட்டார். தண்டனை என்ன? தண்டனைக் குறைப்பில் 570 நாட்கள் இழப்பு. ஒன்றரை ஆண்டுக்கும் மேல்! ஒரு நீதிமன்றம் இவ்வளவு தண்டனை விதிப்பதாயின் எத்தனை நாள் வாதம் நடந்திருக்கும் என்று எண்ணிப் பாருங்கள்.

ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் 28-6-1984 அன்று தீர்ப்புச் சொன்னது. இத்தனை நாட்கள் பறிபோகுமாயின் அதைச் 'சிறை ஒழுங்கு' என்ற பெயரால் மட்டும் மூடி வைக்க முடியாது. அது குற்ற வழக்கே. ஆகவே கேம்பெலுக்கு வழக்கறிஞரின் உதவி மறுக்கப்பட்டது தவறு என்றது. குருவானவர் ஃபெல்லின் விஷயத்தில், தம் வழக்கறிஞரோடு தனிமையில் பேச விடாததும், கடிதத் தொடர்பைத் தடுத்ததும் தவறு என்று கண்டது.

இதற்குச் சற்று முன், 1983-இல், இங்கிலாந்து நீதிமன்றமே ஒரு வழக்கில் ஒரு நடுவழியைக் காட்டியிருந்தது. எல்லாக் கைதிக்கும் எல்லா விசாரணையிலும் வக்கீல் என்பது உரிமை அன்று. ஆனால் அனுமதிப்பதா என்பதை ஒவ்வொரு முறையும் மனம் வைத்து ஆராய வேண்டும். குற்றச்சாட்டு எவ்வளவு கடுமையானது, சட்ட நுணுக்கம் ஏதும் எழுமா, தன் வழக்கைத் தானே எடுத்துரைக்கும் திறன் அவனுக்கு உண்டா என்று பார்க்க வேண்டும். தனியே அடைபட்டிருப்பவன் தன் சாட்சிகளைத் தேடிப் பேச முடியாது என்பதையும் நினைவிற்கொள்ள வேண்டும். இக்கடைசிக் கருத்து பொன்னானது. வக்கீல் வேண்டாமெனில் ஒரு நண்பரையாவது அனுமதிக்கலாமா என்றும் பார்க்க வேண்டும். அவரை அங்கே 'மக்கென்சி நண்பர்' என்பார்கள். 1970-இல் மக்கென்சி என்பவருடைய மணமுறிவு வழக்கில் பிறந்த பெயர். அந்த நண்பர் எழுந்து வாதாடுவதில்லை. பக்கத்தில் அமர்ந்து குறிப்பெடுப்பார். மெதுவாக ஆலோசனை சொல்வார். அவ்வளவுதான். பார்வையாளர் குழுவின் தண்டிக்கும் அதிகாரம் 1992-இல் நீங்கியது. சிறைவாசத்தை நீட்டக்கூடிய குற்றச்சாட்டுகளை 2002 முதல் அங்கே வெளியிலிருந்து வரும் நீதிபதிகளே விசாரிக்கிறார்கள். அங்குள்ள சிறைகள் இதனால் இடிந்து விழுந்துவிடவில்லை.

2015 டிசம்பரில் ஐக்கிய நாடுகள் பொதுச்சபை ஏற்ற, நெல்சன் மண்டேலாவின் பெயர் தாங்கிய விதிகளும் இதையே உலகுக்குச் சொல்கின்றன. குற்றச்சாட்டைக் கைதிக்குப் புரியும் மொழியில் தாமதமின்றிச் சொல்ல வேண்டும்; எதிர்வாதத்திற்கு நேரமும் வசதியும் தர வேண்டும்; நீதியின் நலன் வேண்டுமிடத்து, குறிப்பாகக் கடுமையான குற்றச்சாட்டில், சட்ட உதவி தர வேண்டும் என்கிறது 41-ஆம் விதி. தண்டனையின் பெயரால் குடும்பத் தொடர்பை அடியோடு அறுக்கலாகாது என்கிறது 43-ஆம் விதி. இவை நம் நீதிமன்றங்களைக் கட்டுப்படுத்தும் சட்டம் அல்லவாயினும், வழிகாட்டியாக எடுத்துக்காட்டத் தக்கவை.

சிறைக் காவலரின் பக்கத்தையும் நாம் மறந்துவிடலாகாது. நெரிசல் மிகுந்த பிளாக்கில் ஒரு சிலர் நூற்றுக்கணக்கானோரைக் காப்பது எளிதன்று. கத்தியோ கஞ்சாவோ உள்ளே வந்தால் முதலில் துன்பப்படுபவன் பலங்குன்றிய கைதியே. தண்டனையே கூடாதென்று நாம் வாதிடவில்லை. பொருள் யாருடையது என்று நிதானமாகக் கேட்டு எழுதிவைத்தால், நேர்மையான கண்காணிப்பாளருக்கும் அது பாதுகாப்பே.

இனி, அத்தாய்க்குச் சொன்னதைச் சொல்கிறோம். அடுத்த முறை மகனையோ, மகனைப் பார்க்கும் வழக்கறிஞரையோ காணும்போது நான்கு கேள்விகள் கேட்க வேண்டும். என்ன குற்றம் என்று எந்த நாளில் அவனிடம் சொன்னார்கள்? கண்காணிப்பாளர் நேரில் அவனைக் கேட்டாரா? அவன் சொன்ன சாட்சியை அழைத்தார்களா? வரலாற்றுச் சீட்டில் என்ன எழுதியிருக்கிறது? பிறகு ஒரு பக்கத்தில், வசைமொழி இன்றி, கண்காணிப்பாளருக்கு ஒரு மனு எழுதி, அதன் நகலை மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்கும் மாவட்ட செஷன்ஸ் நீதிபதிக்கும் பதிவுத் தபாலில் அனுப்ப வேண்டும். 1987-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 12-ஆம் பிரிவின்படி, காவலில் இருப்பவருக்கு வருமானம் பாராமல் இலவசச் சட்ட உதவி உண்டு. 15100 என்ற எண்ணில் தொலைபேசியிலும் கேட்கலாம். செஷன்ஸ் நீதிபதிக்கு 2 நாட்களில் தெரிவிக்கப்பட்டதா என்ற கேள்வியை மனுவில் மறவாமல் சேர்க்க வேண்டும். இவை பயனளிக்காதபோது உயர் நீதிமன்றம் இருக்கிறது. 'நான் பேசி முடித்துத் தருகிறேன்' என்று வாயிலில் நிற்கும் எவருக்கும் ஒரு காசும் தரலாகாது. மகனும் கோபத்தில் எவர்மீதும் தெரியாததைச் சொல்லாமல், கண்டதையும் நாளையும் நேரத்தையும் மட்டுமே சொல்ல வேண்டும். காரணம் முன்பே சொன்னோம்.

அவருடன் ஆணைக்குழு அலுவலகத்திற்கு நாமும் போனோம். அங்கிருந்து சென்ற ஓர் இளம் பெண் வழக்கறிஞர் மகனைக் கண்டு பேசினார். விசாரணை என்று நடந்தது ஒரே ஒரு கேள்வி என்று தெரிந்தது. "இது உன் படுக்கைதானே?" என்று கேட்டார்கள், "ஆம்" என்றான். அப்படுக்கைக்கு அவன் மாறி வந்து இரண்டே நாட்கள் ஆகியிருந்தன என்பதைக் கேட்பார் இல்லை. சொல்ல வேண்டுமென்று அவனுக்கும் தோன்றவில்லை. முன்பு அங்கே படுத்திருந்தவன் வேறு பிளாக்கிற்குப் போய்விட்டான். அப்பொருள் அவனுடையதா, இவனுடையதா என்பது நமக்குத் தெரியாது. செஷன்ஸ் நீதிபதி சிறையிலிருந்து அறிக்கை கேட்டிருக்கிறார். இதை எழுதும் நாள் வரை அது வந்தபாடில்லை. இழந்த நாட்கள் திரும்புமா என்பது அதற்குப் பிறகுதான் தெரியும்.

மனு நிறுத்தம் முடிந்து சென்ற செவ்வாய்க்கிழமை அவர் மகனைப் பார்த்து வந்தார். அந்த நான்கு கேள்விகளையும் பெரிய எழுத்தில் ஒரு தாளில் எழுதித் தரும்படி கேட்டிருக்கிறார். அவருக்குப் படிக்கத் தெரியாது. வாயிலில் காத்திருக்கும் பெண்களில் படிக்கத் தெரிந்த ஒருத்தியிடம் கொடுக்கப் போகிறாராம்.